ஜிம் லவலுக்காக ஒரு ராக்கெட் நாள்: எந்த மாடல், எந்த மோட்டார், எந்தத் தேதி?

நேப்பர்வில் அப்பா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மாடல் ராக்கெட் விடுகிறவர்கள் இந்தக் குழுவில் சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

நாங்கள் சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருக்கிறோம். என் மகளும் அவளுடைய பள்ளித் தோழர்களும் கொஞ்ச காலமாக அட்டை ராக்கெட் செய்து விடுகிறார்கள். எல்லாம் சின்ன வகை. ஏ8-3, பி6-4 மோட்டார்களைத் தாண்டிப் போனதில்லை (எழுத்து ஏற ஏறச் சக்தி கூடும், நடு எண் சராசரித் தள்ளுவிசை, கடைசி எண் பாராசூட் வெளிவருவதற்கு முன் தாமத நொடி). 2025 ஆகஸ்ட் 7 அன்று விண்வெளி வீரர் ஜிம் லவல் லேக் ஃபாரஸ்டில் 97 வயதில் இறந்துபோனார் அல்லவா? நம் பக்கத்து ஊர்க்காரர். சிகாகோ அட்லர் கோளரங்கத்தில் இருக்கும், அவர் பறந்த ஜெமினி 12 விண்கலத்தை இந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு பேர் நான்கு நாள் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் நம்ப மறுக்கிறார்கள். "அவருக்காக ஒரு ராக்கெட் விடலாமா?" என்று அவர்களேதான் ஆரம்பித்தார்கள். பெற்றோர்களுக்கும் பிடித்துவிட்டது.

இப்போது எனக்குள்ள குழப்பம் இதுதான். ஆர்வக்கோளாறில் எஸ்டெஸ் நிறுவனத்தின் 1:100 சாடர்ன் 5 (அப்பல்லோ கலங்களை நிலவுக்கு அனுப்பிய ராக்கெட்) கிட் வாங்கிவிட்டேன். பாதி ஒட்டியாகிவிட்டது. பிள்ளைகள் இதுவரை விட்ட எதுவும் இந்த அளவுக்குப் பெரிதில்லை. இது டி12-3 மோட்டாரில் ஒழுங்காக ஏறுமா? ஒரு பெற்றோர் இன்னும் பெரிதாக, எச் மோட்டார் போட்டு ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்கு அனுப்பினால்தான் மரியாதை என்கிறார். தேதியிலும் இழுபறி. லவல் போன அப்பல்லோ 8 கிளம்பிய டிசம்பர் 21 என்கிறார் ஒருவர். அப்பல்லோ 13 கிளம்பிய ஏப்ரல் 11, அதுவும் சரியாக 13 மணி 13 நிமிடத்துக்கு என்கிறார் இன்னொருவர். இடமும் முடிவாகவில்லை.

அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

---

கெனோஷா தாத்தா எழுதியது:

தம்பி, நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் ராக்கெட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் ஆளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிடும்.

லவல் பிறந்தது கிளீவ்லாந்தில். வளர்ந்தது எங்கள் மில்வாக்கியில், அம்மா ஒருத்தியின் உழைப்பில். இன்றைக்கும் மில்வாக்கி நடுநகரில் அவர் பேரில் ஒரு தெரு இருக்கிறது. ஜூனோ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ராக்கெட் பைத்தியம். கூட்டாளிகளோடு சேர்ந்து வெடிமருந்து கலந்து, அட்டைக் குழாயில் அடைத்து, திரி வைத்துப் பற்றவைத்துவிட்டு ஓடினார்கள். ராக்கெட் ஏறக்குறைய 80 அடி ஏறியது, அங்கேயே வெடித்துச் சிதறியது. இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கைகால் போகாமல் தப்பினார்கள். அந்தக் காலத்தில் அப்படித் தப்பாத பையன்களும் உண்டு.

நம் பொழுதுபோக்கு பிறந்ததே இதைத் தடுக்கத்தான். நெப்ராஸ்காவில் நார்ஃபோக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்று ஒருவர், செருப்புக்கடைக்காரர். 1954-இல் தன் அண்ணன் தம்பிப் பேச்சில் உருவான யோசனையை வைத்து, கழற்றிப் போடக்கூடிய மோட்டார், அட்டை உடம்பு, திரும்பி வர பாராசூட் என்று ஒரு ராக்கெட் செய்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதைப் பார்த்துவிட்டு, பையன்கள் கையில் வெடிமருந்தைக் கலக்கவிடாமல் இதைக் கொடுக்கலாமே என்று பிடித்துக்கொண்டார். 1957-இல் தேசிய ராக்கெட்டரி சங்கம் வந்தது. அதற்குப் பிறகு வெர்ன் எஸ்டெஸ் மோட்டார்களைத் தானாக அடைத்துத் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். அதற்கு மேபல் என்று பேர். நான் கடைசல் பட்டறையில் காலம் தள்ளியவன். எனக்கு இந்தக் கதையில் பிடித்த கதாபாத்திரம் மேபல்தான். மருந்தைக் கையால் இடிக்கிற வேலையை மனிதனிடமிருந்து பிடுங்கிக்கொண்ட இயந்திரம்.

ஆக, லவல் பையனாக இருந்தபோது அவருக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் பிள்ளைகள் கையில் இருக்கிறது. கடையில் வாங்கிய மோட்டார், மின்சாரத்தில் பற்றும் இக்னைட்டர், 15 அடி தள்ளி நின்று அழுத்துகிற பொத்தான். அன்றைக்கு இதை முதலில் சொல்லுங்கள். சாடர்ன் கதையை அப்புறம் சொல்லலாம்.

அடுத்தது, எச் மோட்டார் கேட்கும் அந்த நண்பருக்கு. எச் என்றால் உயர்சக்தி வகை. அதற்கு முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியவர் வேண்டும், பெரிய திடல் வேண்டும், எடையோ எரிபொருளோ அளவு மீறினால் விமானத் துறையின் அனுமதியும் வேண்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க மட்டும்தான் முடியும். நம் சாதாரண வகைக்கு மொத்த எடை 1500 கிராம், எரிபொருள் 125 கிராம், இதற்குள் இருந்தால் விமானத் துறையைக் கேட்க வேண்டியதில்லை. பெரிதாகச் செய்வதில் பெருமை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009 ஏப்ரலில் மேரிலாந்தில் ஒருவர் பத்தில் ஒரு பங்கு சாடர்ன் 5 செய்து விட்டார். 36 அடி உயரம், 1600 பவுண்டுக்கு மேல் எடை, 4400 அடிக்கு மேல் போய் பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. அது ஒரு தனி மனிதனின் தவம். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல.

லவல் உயரத்துக்காகப் பேர் வாங்கியவர் இல்லை, திரும்பி வந்ததற்காகப் பேர் வாங்கியவர். நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தும் மூவர் உயிரோடு திரும்பிய அப்பல்லோ 13 கதை எல்லோருக்கும் தெரியும், அதை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. ஆகவே என் தீர்மானம்: அன்றைக்கு நீங்கள் விடும் எந்த ராக்கெட்டையும் எவ்வளவு உயரம் போனது என்று அளக்காதீர்கள். உடையாமல் வந்ததா என்று மட்டும் பாருங்கள். உழைப்பை எல்லாம் பாராசூட்டில் போடுங்கள்.

தேதியும் அப்படித்தான். கிளம்பிய நாள் வேண்டாம், வந்து சேர்ந்த நாள். அப்பல்லோ 13 பசிபிக் கடலில் இறங்கியது 1970 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை, ஹூஸ்டன் கடிகாரத்தில் பகல் 12 மணி 7 நிமிடம். 2026-இலும் ஏப்ரல் 17 வெள்ளியில்தான் விழுகிறது. பள்ளி இருக்கும், அதனால் மறுநாள் சனிக்கிழமை 18 வைத்துக்கொள்ளலாம். நம் கடிகாரமும் ஹூஸ்டன் கடிகாரமும் ஒன்றுதான், கணக்குப் போடத் தேவையில்லை. டிசம்பர் வேண்டவே வேண்டாம். விஸ்கான்சின் குளிரில் பிளாஸ்டிக் பாராசூட் மடித்த மடிப்பிலேயே விறைத்துக்கொள்ளும், மேலே போய் விரியாது.

இடம்: எல்லை தாண்டி எங்கள் பக்கம் வாருங்கள். கான்சஸ்வில் ஊரில் ரிச்சர்ட் பாங் மாநிலப் பொழுதுபோக்குத் திடல் இருக்கிறது. ராக்கெட் விடுவதற்கென்றே பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். 1950-களில் அங்கே விமானப்படைத் தளம் கட்ட ஆரம்பித்து, ஓடுபாதைக்குக் கான்கிரீட் ஊற்ற சில நாள் இருக்கும்போது கைவிட்டுவிட்டார்கள். அரசாங்கம் பாதியில் விட்ட வேலையால் நமக்கு லாபம் வந்த அபூர்வ இடம். வண்டிக்கு மாநிலப் பூங்கா ஸ்டிக்கர் வாங்க வேண்டும். போவதற்கு முன் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தீத்தடை உண்டா என்று கேளுங்கள். ஏப்ரல்தான் இங்கே காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் காலம்.

சாடர்ன் பற்றித் தனியாக எழுதுகிறேன், கை வலிக்கிறது.

---

டெகால்ப் டீச்சர் எழுதியது:

தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். அப்பல்லோ 8 சின்னத்தை வரைந்தவரே லவல்தான். விண்கலத்தின் வடிவத்தில் ஒரு சின்னம், அதற்குள்ளே பூமியையும் நிலவையும் சுற்றி வரும் சிவப்பு 8. பயிற்சி விமானத்தின் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி கிறுக்கியது என்று சொல்வார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ராக்கெட்டின் துடுப்பில் அந்த 8-ஐ வரையட்டும். கிட்டில் வரும் ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட இது நன்றாக இருக்கும், செலவும் இல்லை.

பாடத்தோடு இணைக்க விரும்பினால் இன்னொரு விஷயம். அப்பல்லோ 8 பயணத்தில் லவல் ஒரு எண்ணை மாற்றி அழுத்தி, கலம் எந்தத் திசையில் நிற்கிறது என்ற கணக்கைக் கணினியின் நினைவிலிருந்து அழித்துவிட்டார். அப்புறம் நட்சத்திரங்களைப் பார்த்துத் தானே சரிசெய்தார். ஒரு தேர்வில் தப்பாக எழுதிவிட்டு அழுகிற பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

---

மாலை வானம் எழுதியது:

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், உண்மையிலேயே ஒரு சந்தேகம். லவல் நிலவில் இறங்கவே இல்லையே? இரண்டு தடவை போயும் காலை வைக்காமல் வந்தவர். கால் வைத்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இப்படிச் செய்தால் பொருத்தமாக இருக்காதா? மேலும் இது பணத்தைப் புகையாக்குகிற வேலையாகவும் தெரிகிறது. அந்தக் காசுக்கு ஒரு பள்ளிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

---

கெனோஷா தாத்தா எழுதியது:

@மாலை வானம்: நியாயமான கேள்விதான். லவல் நான்கு தடவை விண்வெளிக்குப் போன முதல் மனிதர். ஜெமினி 7-இல் ஃபிராங்க் போர்மனோடு பதினான்கு நாள். கார் முன்சீட்டு அளவு இடம், கால் நீட்ட வழியில்லை, குளியல் கிடையாது. அந்தப் பதினான்கு நாளில்தான், மனித உடம்பு நிலவுக்குப் போய்வரும் காலத்தைத் தாங்கும் என்று தெரிந்தது. அடுத்து ஜெமினி 12. அப்புறம் அப்பல்லோ 8, மனிதர்கள் முதல்முறையாக நிலவைச் சுற்றியது, பத்துச் சுற்று. கடைசியில் 13. எல்லாம் சேர்த்து 715 மணி நேரம். கால் வைத்தவர்கள் எல்லோரும் இவர்கள் சரிபார்த்துக் கொடுத்த பாதையில்தான் போனார்கள். நிலவில் ஒரு மலைக்கு அவர் மனைவி மெரிலின் பேர் இருக்கிறது. அப்பல்லோ 8-இல் போனபோது அவர் வைத்த பேர், 2017-இல்தான் அதிகாரப்பூர்வமாக ஏற்றார்கள். கால் வைத்தவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

காசு விஷயம்: ஒரு சின்ன மோட்டாரின் விலை ஒரு காபி விலைக்குப் பக்கம். புத்தகமும் வாங்கிக் கொடுங்கள், யார் தடுத்தார்கள்?

சரி, சாடர்ன். தம்பி, 1:100 சாடர்ன் 110 சென்டிமீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் தடிமன். ஒட்டி, பெயிண்ட் அடித்து, மோட்டாரும் போட்டால் 300 கிராமைத் தாண்டிவிடும். மோட்டாரின் தள்ளுவிசை, ராக்கெட்டின் எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. டி12 என்றால் சராசரியாக 12 நியூட்டன் என்று பேர், ஆனால் அந்தச் சராசரி மட்டும்தான் இருந்தால் சாடர்ன் நான்கு மடங்கைக்கூடத் தொடாது. காப்பாற்றுவது முதல் நொடி. பற்றியவுடன் இந்த மோட்டார் 30 நியூட்டன் வரை ஒரு உதை கொடுத்துவிட்டு அப்புறம்தான் அடங்கும். அந்த உதையில் ஏவுகம்பியை (கிளம்பும்போது ராக்கெட்டை நேராகப் பிடிக்கும் கம்பி) விட்டு வெளியே வந்துவிட்டால் பிழைத்தது. அதனால் காற்று இல்லாத நேரத்தில் மட்டும் விடுங்கள். பாதுகாப்பு விதியில் மணிக்கு 20 மைல் வரை விடலாம் என்று இருக்கிறது. அது விதி. சாடர்னுக்கு நான் 5 மைலுக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் முதல் ராக்கெட்டாக அதையே விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்தத் திடலில் காற்று கிளம்பிவிடும்.

பெயிண்டை மெல்லிசாக அடியுங்கள். அழகுக்காக மூன்று கோட் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கோட்டும் எடை. அதுவும் பின்பக்கம் எடை கூடினால் ஆபத்து. ராக்கெட்டின் எடை மையம், காற்றழுத்த மையத்துக்கு (காற்று பக்கவாட்டில் தள்ளும் விசை குவியும் புள்ளி) முன்னால், குறைந்தது ஒரு குழாய்த் தடிமன் தூரத்தில் இருக்க வேண்டும். சாடர்னின் துடுப்புகள் நிஜத்தில் இருப்பதைப் போலவே சின்னவை, அதனால் இது கொஞ்சம் நுணுக்கமான ராக்கெட். ஒட்டி முடித்ததும் மோட்டாரோடு விரலில் வைத்துத் தராசு பாருங்கள். கிட் காகிதத்தில் குறித்த இடத்தைவிடப் பின்னால் போயிருந்தால் மூக்குப் பக்கம் கொஞ்சம் களிமண் வைத்து அழுத்துங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. சாடர்ன் ஒன்று போதும், மீதியை டைட்டனில், அதாவது ஜெமினி கலங்களை ஏற்றிப்போன ராக்கெட்டில், போடுங்கள். லவலின் நான்கு பயணத்தில் இரண்டு டைட்டன் 2 மேல்தான். எல்லோரும் சாடர்னையே செய்கிறார்கள், பாவம், ஜெமினியை யாரும் நினைப்பதில்லை. டைட்டன் வெறும் நேர் குழாய். கலத்தோடு சேர்த்து 33 மீட்டர் உயரம், 3.05 மீட்டர் குறுக்களவு. கடையில் கிடைக்கும் பிடி-60 குழாய் 41.6 மில்லிமீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 1:73 அளவு, மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். பிள்ளைகளே செய்துவிடலாம். ஒரே சிக்கல், நிஜ டைட்டனுக்குத் துடுப்பு கிடையாது. எஞ்சினையே அசைத்துத் திசை பிடித்தது. நம் மோட்டார் அசையாது, துடுப்பு இல்லாவிட்டால் பறந்து குட்டிக்கரணம் போடும். அதனால் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டில் துடுப்பு வெட்டி ஒட்டுவார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. பேக்கரி டப்பா மூடிகூடப் போதும், ஆனால் வளையாத தடிமனாக இருக்க வேண்டும். எபாக்ஸி போட்டு ஒட்டுங்கள், சாதாரண மரப்பசை பிளாஸ்டிக்கில் நிற்காது.

அடுத்தது முக்கியமானது, முட்டை.

அமெரிக்கப் பள்ளி ராக்கெட் போட்டியில் பிள்ளைகள் கோழிமுட்டையை ஏற்றி உடையாமல் இறக்குவார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். கோழிமுட்டை பிடி-60 குழாயில் நுழையாது. காடைமுட்டை நுழையும். ஒன்று பத்து கிராம் சுமார். மூன்று காடைமுட்டை, அப்பல்லோ 13-இல் போன மூவர் பேரில்: லவல், ஹெய்ஸ், ஸ்விகர்ட். பஞ்சில் சுற்றி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நடுவில் நுரைத் தகடு வைத்து, மேல் குழாயில் அடையுங்கள். கீழே பாராசூட். சி6-3 போடலாம், எடை கூடிய ராக்கெட் சீக்கிரம் உச்சியைத் தொட்டுத் திரும்பிவிடும், அதனால் தாமதம் மூன்று நொடி போதும். கடைசி எண் 5, 7 என்று இருப்பதை எடுத்தால் தலைகீழாக விழ ஆரம்பித்த பிறகுதான் பாராசூட் வெளியே வரும். அந்த வேகத்தில் கயிறே குழாயைக் கிழித்துவிடும்.

காலையில் மற்றவை எல்லாம் முடிந்து, 12 மணி 7 நிமிடத்துக்கு இதை விடுங்கள். முட்டையை உடைத்துப் பார்க்கும் உரிமை கடைக்குட்டிக்கு.

---

நேப்பர்வில் அப்பா எழுதியது:

சார், முட்டை யோசனையைச் சொன்னதும் வீட்டில் ஒரே கூச்சல். சாடர்னைப் பற்றி இப்போது யாரும் கேட்பதே இல்லை. ஹெய்ஸ் யார் முட்டை என்று சண்டை நடக்கிறது.

ராக்கெட்டில் உயிருள்ள எதையும் ஏற்றக்கூடாதே, முட்டை உயிரா என்று என் மகள் கேட்கிறாள். கடையில் வாங்கியது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு கேள்வி. அப்பல்லோ மாதிரியே மூன்று பாராசூட் வைக்க ஆசைப்படுகிறார்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக. சரிவருமா? இரண்டாவது, பி6-4 மோட்டார்கள் போன கோடையில் வாங்கியவை, கராஜில் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாமா?

---

சிக்கு கயிறு எழுதியது:

மூன்று பாராசூட் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் பாராசூட் மடிப்பது என் வேலை. (என் கணவர் மடித்தால் மரத்தில்தான் போய் நிற்கும்.)

முடியும், ஆனால் கயிறுகள் பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு பாராசூட்டின் கயிறும் ஒரே நீளம் இருக்கட்டும், மூன்றையும் ஒரே சுழல்கொக்கியில் மாட்டுங்கள். தனித்தனியாக மடித்து, தனித்தனியாகச் சுருட்டி, அடுத்தடுத்து வையுங்கள். மூன்றையும் சேர்த்து ஒரு உருண்டையாகச் சுருட்டினால் ஒன்றுமே விரியாது. உள்ளே வைப்பதற்கு முன் குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினால் மடிப்பு ஒட்டாமல் பிரியும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்புதான் மடிக்க வேண்டும், முதல் நாள் இரவே மடித்து வைத்துவிட்டால் பிளாஸ்டிக் அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அடியில் வாடிங் தாள் (தீப்பிடிக்காத மெல்லிய தாள்) போட மறக்காதீர்கள், குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழத்துக்காவது. இல்லாவிட்டால் பாராசூட்டை வெளியே தள்ளுகிற மருந்தே அதைப் பொசுக்கிவிடும்.

நிஜ அப்பல்லோ பாராசூட் ஒவ்வொன்றும் 80 அடிக்கு மேல் விட்டம். மூன்றில் இரண்டு விரிந்தாலே பத்திரமாக இறங்கலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். அப்பல்லோ 15-இல் ஒன்று சுருங்கிப்போயும் இறங்கினார்கள். உங்கள் காடைமுட்டைக்கும் அதே கணக்கு வையுங்கள்: இரண்டு விரிந்தாலும் உடையாத அளவுக்கு ஒவ்வொன்றையும் வெட்டுங்கள். பன்னிரண்டு அங்குலம் மூன்று என்று ஆரம்பித்துப் பாருங்கள். காற்றடித்தால் இந்த மூன்றும் சேர்ந்து ராக்கெட்டை அடுத்த மாவட்டத்துக்கே கூட்டிப்போய்விடும். அந்த நேரத்தில் நடுவில் ஒரு ஓட்டை வெட்டினால் கொஞ்சம் வேகமாக இறங்கும்.

---

கெனோஷா தாத்தா எழுதியது:

அம்மா சொன்னது எல்லாம் சரி. எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பயிற்சி ஒன்று மட்டும்: வெந்தய மூட்டையோ பேட்டரியோ, முட்டை எடைக்கு ஏதாவது கட்டி இரண்டாவது மாடியிலிருந்து பாராசூட்டைப் போட்டுப் பாருங்கள். முட்டையை அன்றைக்குத்தான் ஏற்ற வேண்டும்.

கராஜ் மோட்டார் விஷயத்தில் கவனம். கரும்பொடி மோட்டாருக்கு வயதாவதால் பெரிதாகக் கெடுதல் இல்லை. சூடும் குளிரும் மாறி மாறிப் படுவதுதான் கெடுதல். கோடையில் கொதித்து, ஜனவரியில் உறைந்து, மறுபடி கொதித்தால் உள்ளே இருக்கும் மருந்துக் கட்டி அட்டைச் சுவரைவிட்டு விலகி விரிசல் விடும். பற்றவைத்தவுடன் நெருப்பு அந்த இடுக்கு வழியே ஓடி, மொத்தமும் ஒரே நேரத்தில் எரிந்து, மோட்டார் வெடித்துவிடும். சின்ன மோட்டார்களில் இது அபூர்வம். டி, இ வகையில் அதைவிட அதிகம் நடக்கும். அதனால் சாடர்னுக்கு வாங்கும் டி12-ஐ வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். கார் டிக்கியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். பழைய பி6 மோட்டார்களை வெறும் பயிற்சி ராக்கெட்டில் போட்டுத் தீர்த்துவிடுங்கள், எட்டு வரைந்த துடுப்புகளுக்கு வேண்டாம்.

தூரத்தை மறந்துவிடாதீர்கள். டி வரைக்கும் 15 அடி. ஆனால் அன்றைக்குக் கூட்டம் இருக்கும், தாத்தா பாட்டி வருவார்கள், மடக்கு நாற்காலி போடுவார்கள். எல்லோரையும் 30 அடிக்கு அப்பால் நிறுத்துங்கள். டி மோட்டாருக்குத் திடலின் சிறிய பக்கம் 500 அடி வேண்டும், பாங் திடலில் அதற்கெல்லாம் குறைவில்லை. ஏவுகம்பியின் நுனி கண்ணில் குத்தாமல் மூடி மாட்டி வையுங்கள். பொத்தானை அழுத்திப் பற்றாவிட்டால் ஒரு நிமிடம் யாரும் கிட்டப் போகக்கூடாது. பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிடம்தான் ரொம்ப நீளம். ஒருத்தரிடம் கடிகாரத்தைக் கொடுத்து சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்.

மின்கம்பியில் மாட்டினால் எடுக்கப் போகக்கூடாது. எவ்வளவு அழகான சாடர்னாக இருந்தாலும்.

---

மாலை வானம் எழுதியது:

புத்தகமும் வாங்கிக் கொடுக்கிறேன், 18-ஆம் தேதி நானும் வருகிறேன். ஷாம்பெயினிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். காடைமுட்டை அங்கே கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், இங்கே ஆசியக் கடையில் எப்போதும் இருக்கும், ஒரு டஜன் எடுத்து வருகிறேன்.

---

நேப்பர்வில் அப்பா எழுதியது:

எடுத்து வாருங்கள், உதிரிக்கு ஆகும். அன்றைய வரிசை இப்படித்தான் முடிவாகியிருக்கிறது: காற்று கிளம்புவதற்கு முன், எட்டு மணிக்குச் சாடர்ன், அப்பல்லோ 8 பேரில். பிறகு டைட்டன் இரண்டு, ஜெமினி 7, ஜெமினி 12. நடுவில் பிள்ளைகளின் சின்ன ராக்கெட்டுகள். 12:07-க்கு முட்டை. மெரிலின் மலையைப் பற்றி டெகால்ப் டீச்சர் ஐந்து நிமிடம் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார். மழை வந்தால் மறு சனி 25.

தாத்தா, கம்பி எட்டில் ஒரு அங்குலம் சாடர்னுக்குப் போதுமா, பதினாறில் மூன்று அங்குலம் வாங்க வேண்டுமா? கடைசிக் கேள்வி இதுதான்.

---

கெனோஷா தாத்தா எழுதியது:

பதினாறில் மூன்று. மெல்லிய கம்பி அந்த எடைக்கு ஆடும். வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது, நான்கடி நீளத்தில். 12 வோல்ட் பேட்டரியும் கொண்டுவருகிறேன்.